காரணம் சொல்லாமலே வேலையை விட்டு அனுப்பலாமா? அமெரிக்காவின் ‘அட்-வில்’ முறை

அமெரிக்க நிறுவனத்திடமிருந்து வேலை நியமனக் கடிதம் வந்தால், நம் வீடுகளில் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது சம்பளத் தொகைக்கு. பிறகு எந்த ஊர், எப்போது சேர வேண்டும், மருத்துவக் காப்பீடு உண்டா என்று பேச்சு நீளும். கையெழுத்துப் போடும் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு பத்தியை யாரும் சீண்டுவதில்லை. இந்த வேலை ‘அட்-வில்’ அடிப்படையிலானது. நீங்களோ நிறுவனமோ எப்போது வேண்டுமானாலும், காரணம் இருந்தோ இல்லாமலோ, முன்னறிவிப்போடோ அது இன்றியோ இந்த உறவை முடித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பத்தி சொல்லும்.

சொன்னபடி செய்யவும் செய்வார்கள். காலையில் ஒரு காணொளிக் கூட்டத்துக்குத் திடீர் அழைப்பு வரும். சில நிமிடங்களில் பேச்சு முடியும். மதியத்துக்குள் அலுவலக மின்னஞ்சல் திறக்காது. ‘உங்கள் பணியிடம் நீக்கப்பட்டுவிட்டது’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் அந்த ஒரு வார்த்தையைக்கூடச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அப்படியானால் அங்கே தொழிலாளிக்குச் சட்டமே இல்லையா என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் நாம் பழகிய வரிசையில் இல்லை. இந்தியாவில் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் ஓர் எண்ணத்தை வேரூன்ற வைத்தது: ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய வேண்டுமானால் ஒரு மாத நோட்டீஸ் வேண்டும், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் வேண்டும். இலங்கையின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. ஒழுங்கு நடவடிக்கையாக அல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை. இந்த ஊர்களில் வேலையை விட்டு அனுப்புவதுதான் விதிவிலக்கு. அதற்கு நியாயம் காட்ட வேண்டியவர் முதலாளி. அமெரிக்காவில் அனுப்புவது இயல்பான உரிமை. அது தவறு என்றால், எந்தச் சட்டத்தின்படி தவறு என்று காட்ட வேண்டியவர் தொழிலாளி.

காரணம் தேவையில்லை, ஆனால் தடை செய்யப்பட்ட காரணம் இருக்கக் கூடாது. அட்-வில் முறையின் சாரம் இவ்வளவுதான். மேலாளருக்கு உங்கள் சட்டையின் நிறம் பிடிக்கவில்லை என்றால் அனுப்பலாம். உங்கள் மதம் பிடிக்கவில்லை என்றால் அனுப்ப முடியாது. 50 மாநிலங்களில் 49 இந்த விதியைத்தான் தொடக்க நிலையாக வைத்திருக்கின்றன. நியமனக் கடிதத்தில் அந்தப் பத்தியே இல்லாவிட்டாலும் இதுதான் நிலை.

எங்கிருந்து வந்தது இந்த விதி

இங்கிலாந்தின் பழைய சட்டம் இப்படி இருக்கவில்லை. காலம் குறிப்பிடாமல் ஓர் ஆளை வேலைக்கு வைத்தால், ஓராண்டுக்கு வைத்ததாகவே அங்கே கொள்வார்கள். அறுவடைக் காலத்தில் வேலை வாங்கிவிட்டுக் குளிர்காலத்தில் ஆளைத் துரத்திவிடக் கூடாது. ஆளும் குளிர்காலமெல்லாம் உண்டுவிட்டு அறுவடை நேரத்தில் கிளம்பிவிடக் கூடாது. விவசாயத்துக்குப் பொருந்திய ஏற்பாடு அது.

ரயிலும் ஆலையும் பெருகிய அமெரிக்காவில் அந்த ஏற்பாடு தளர்ந்தது. 1877இல் ஹொரேஸ் கிரே வுட் என்ற வழக்கறிஞர், எஜமானர்-வேலையாள் சட்டம் பற்றிய தம் நூலில், காலவரையறை இல்லாத வேலை எப்போது வேண்டுமானாலும் முடிக்கத்தக்கது, அப்படியல்ல என்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று எழுதினார். அவர் ஆதாரமாகக் காட்டிய வழக்குகள் அந்த விதியைத் தாங்கவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் குறை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்குள் நீதிமன்றங்கள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டன. ஒரு பாடப்புத்தகத்தின் வாக்கியம் ஒரு நாட்டின் சட்டமான கதை இது.

1884இல் டென்னசி மாநிலத்தில் வந்த ஒரு தீர்ப்பு, இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது. சட்டநூகா ஊரில் பெயின் என்ற வியாபாரி கடை வைத்திருந்தார். ரயில்வே ஊழியர்கள்தான் அவருக்கு முக்கிய வாடிக்கையாளர்கள். அவரோடு என்ன பகையோ, ரயில்வே நிறுவனத்தின் அதிகாரி ஓர் அறிவிப்பை ஒட்டினார்: பெயினிடம் பொருள் வாங்கும் ஊழியர் எவரானாலும் இன்றிலிருந்து வேலை இழப்பார். கடை படுத்துவிட்டது. பெயின் வழக்குப் போட்டார். நல்ல காரணத்துக்காகவோ, காரணமே இல்லாமலோ, ஒழுக்கப்படி தவறான காரணத்துக்காகவோகூட முதலாளி ஆட்களை அனுப்பலாம், அது சட்டப்படி குற்றமாகாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கே மளிகை வாங்குவது என்பதைக்கூட முதலாளி தீர்மானிக்கலாம் என்று இதற்குப் பொருள். வேறொரு வகையில் இந்தத் தீர்ப்பு பின்னாளில் கைவிடப்பட்டாலும், அந்த ஒரு வரியை இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள்.

இந்த முறைக்கு வாதாடுபவர்கள் சொல்வது, இது இருபக்கச் சுதந்திரம் என்பது. தொழிலாளியும் நாளைக் காலையில் வேலையை விட்டுப் போகலாமே என்பார்கள். போகலாம். அடிமை முறையை ஒழித்த நாட்டில் ஒருவரை வேலையில் கட்டிவைக்க முடியாது என்பது சாதாரண விஷயமும் அல்ல. கலிபோர்னியா, போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஒப்பந்தங்களைப் பெரும்பாலும் செல்லாது என்கிறது. ஆட்கள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாராளமாகப் போகிறார்கள். ஆனால் ஆயிரம் பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர் போனால் நிறுவனத்துக்கு ஒரு நாற்காலி காலி. அந்த ஒருவருக்கோ சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாம் ஒரே நாளில் காலி. இதைச் சமமான சுதந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தடை செய்யப்பட்ட காரணங்கள்

விதிவிலக்குகளில் முதல் வகை, நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள். 1935இன் தேசிய தொழிலாளர் உறவுச் சட்டம், சங்கம் அமைத்ததற்காகவோ சக ஊழியர்களோடு சேர்ந்து சம்பளம், வேலை நிலைமை பற்றிக் குரல் கொடுத்ததற்காகவோ ஒருவரை நீக்கக் கூடாது என்றது. 1964இன் குடிமை உரிமைச் சட்டம் இனம், நிறம், மதம், பாலினம், பூர்விக நாடு ஆகியவற்றின் பேரில் நீக்குவதைத் தடுத்தது. 1967இல் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 1990இல் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதுகாப்பு வந்தது. தமக்கோ குடும்பத்தாருக்கோ கடும் நோய், குழந்தைப் பிறப்பு ஆகியவற்றுக்காக ஆண்டுக்கு 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுக்கும் உரிமையை 1993இன் சட்டம் தந்தது. அப்படி விடுப்பு எடுத்ததற்காகத் தண்டிக்க முடியாது. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதை இவை எல்லாமே தடுக்கின்றன. ஒரு சிக்கல் உண்டு. 1964இன் சட்டம் குறைந்தது 15 ஊழியர்கள் உள்ள இடத்துக்குத்தான் பொருந்தும். 1993இன் சட்டத்துக்கு 50 பேர் வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் உணவகத்தில் இருப்பவர் தம் மாநிலச் சட்டத்தை நம்பித்தான் நிற்க வேண்டும்.

இரண்டாவது வகை நீதிமன்றங்கள் உண்டாக்கியது. சட்டம் செய்யச் சொல்வதைச் செய்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கினால், அது பொது நலனுக்கே விரோதம் என்ற கருத்து. முதல் முக்கியத் தீர்ப்பு 1959இல் கலிபோர்னியாவில் வந்தது. பீட்டர்மன் என்பவரை, மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் பொய்ச் சாட்சி சொல்லுமாறு அவருடைய மேலிடம் பணித்தது. அவர் உண்மையைச் சொன்னார். மறுநாள் வேலை போயிற்று. அவரை நீக்கிய முதலாளி யார் தெரியுமா? ஒரு தொழிற்சங்கம். பொய் சொல்ல மறுத்ததற்காக நீக்குவதை அனுமதித்தால் பொய்ச் சாட்சியை அரசே ஊக்குவித்ததாகும் என்றது நீதிமன்றம்.

1973இல் இண்டியானாவில், வேலையில் கை அடிபட்ட ஃபிராம்ப்டன் என்ற பெண் சட்டப்படி இழப்பீடு பெற்றார். ஒரு மாதம் போல் கழித்துக் காரணம் எதுவும் சொல்லாமல் வேலையை விட்டு நீக்கப்பட்டார். இதை அனுமதித்தால் அடிபட்டவர் எவரும் இழப்பீடு கேட்கவே பயப்படுவார் என்று மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1975இல் ஆரிகன் மாநிலத்தில் ஜூரிப் பணிக்குப் போன ஒரு பெண்ணுக்கும் இதே போல் நியாயம் கிடைத்தது. இன்று பெரும்பாலான மாநிலங்கள் இந்த விதிவிலக்கை ஏதாவது ஒரு வடிவில் ஏற்கின்றன. எல்லா மாநிலங்களும் அல்ல.

மூன்றாவது வகை மிகச் சில மாநிலங்களில் மட்டும் உண்டு: நன்னம்பிக்கை, அதாவது ஒப்பந்தத்தில் இருதரப்பும் ஒருவருக்கொருவர் நேர்மையாக நடக்க வேண்டும் என்ற கடமை. 1977இல் மாசசூசெட்ஸில் முடிந்த ஃபார்ச்சூன் வழக்கு இதற்கு அடையாளம். கல்லாப்பெட்டி இயந்திரம் தயாரிக்கும் நிறுவனத்தில் 25 ஆண்டுகள் விற்பனையாளராக இருந்தவர் ஃபார்ச்சூன். 1968இன் கடைசியில் அவருடைய வட்டாரத்தில் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து ஏறத்தாழ 50 லட்சம் டாலர் மதிப்புள்ள ஆர்டர் வந்தது. அதற்குரிய போனஸ் பெருந்தொகை. புத்தாண்டு முடிந்து முதல் வேலை நாளில் அலுவலகம் வந்தவர் தம் மேசைமேல் ஓர் உறையைக் கண்டார். உள்ளே பணிநீக்கக் கடிதம். தேதி டிசம்பர் முதல் வாரம். எழுதி வைத்த ஒப்பந்தப்படி அவர் அட்-வில் ஊழியர்தான். ஆனாலும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுக்காமல் தப்பிப்பதற்காக அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

இந்த முறையையே கைவிட்ட மாநிலம் ஒன்றுதான், மொன்டானா. 1987இல் அது இயற்றிய சட்டப்படி, தகுதிகாண் காலம் முடிந்தபின் நல்ல காரணம் இல்லாமல் யாரையும் நீக்க முடியாது. இதைத் தொழிலாளர் வெற்றி என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். வழக்கு மன்றங்களில் பெரிய இழப்பீட்டுத் தொகைகள் விதிக்கப்படுவதைக் கண்டு அஞ்சிய முதலாளிகளும் அந்தச் சட்டத்தை விரும்பினார்கள். இழப்பீட்டுக்கு அது பொதுவாக நான்கு ஆண்டுச் சம்பளம் என்ற உச்சவரம்பை வைத்திருக்கிறது.

காரணம் காட்டாமல் நீக்க முடியாதவர்கள் வேறு சிலரும் உண்டு. சங்க ஒப்பந்தத்தின் கீழ் வேலை பார்ப்பவர்கள், நிரந்தர அரசு ஊழியர்கள், ஒப்பந்தத்தில் காலம் குறித்து எழுதி வாங்கிய உயர் அதிகாரிகள். நாட்டில் சங்க உறுப்பினர்கள் பத்துப் பேரில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். தனியார் துறையில் அதைவிடக் குறைவு. ‘ரைட் டு வொர்க்’ மாநிலம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கும் அட்-வில் முறைக்கும் சம்பந்தமில்லை. சங்கத்துக்குக் கட்டாயச் சந்தா கொடுக்க வேண்டுமா என்பதைப் பற்றிய சட்டம் அது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் இருப்பவர்களே இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

காரணமே தேவையில்லை என்றால் ஏன் இத்தனை ஆவணம்?

காரணம் சொல்ல வேண்டாம் என்று சட்டம் அனுமதித்தும், பெரிய நிறுவனங்கள் எச்சரிக்கைக் கடிதம், ஆண்டு மதிப்பீடு, செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் என்று காகிதம் காகிதமாகச் சேர்த்து வைக்கின்றன. இதற்கு விடை 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் இருக்கிறது. விமானத் தயாரிப்பு நிறுவனமான மெக்டொனெல் டக்ளஸ், பெர்சி கிரீன் என்ற கறுப்பின மெக்கானிக்கை மீண்டும் வேலைக்கு எடுக்க மறுத்தது. அவர் அந்த நிறுவனத்துக்கு எதிராகப் போராட்டங்களில் கலந்துகொண்டவர். பாகுபாட்டை எப்படி நிரூபிப்பது என்று அந்த வழக்கில் மன்றம் ஒரு படிமுறையை வகுத்தது. முதலில், சந்தேகப்பட இடமிருக்கிறது என்று தொழிலாளி காட்ட வேண்டும். பிறகு, பாகுபாடு அல்லாத ஒரு காரணத்தை நிறுவனம் முன்வைக்க வேண்டும். அதன்பின், அந்தக் காரணம் வெறும் சாக்கு என்று தொழிலாளி காட்டலாம். பணிநீக்க வழக்குகளுக்கும் இதே முறைதான் வழங்குகிறது.

எனவே ‘எங்கள் இஷ்டம், காரணம் சொல்ல மாட்டோம்’ என்பது அலுவலகத்தில் செல்லும், நீதிமன்றத்தில் செல்லாது. அங்கே ஒரு காரணம் தேவைப்படும். அந்தக் காரணம் நீக்கிய பிறகு கண்டுபிடித்ததாக இருந்தால் வழக்கறிஞர்கள் பிய்த்து எடுத்துவிடுவார்கள். ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். மூன்று முறை தாமதமாக வந்தால் எழுத்துமூல எச்சரிக்கை என்று விதி இருக்கிறது. மேற்பார்வையாளர் தம் நண்பர்கள் ஐந்து முறை தாமதமாக வந்தபோதும் கண்டுகொள்ளவில்லை. பாலியல் தொல்லை பற்றிப் புகார் செய்த பெண் மூன்றாவது முறை ஏழு நிமிடம் தாமதமாக வந்தபோது மட்டும் விதிப் புத்தகத்தைத் திறந்தார். விதி சரி, தாமதமும் உண்மை. ஆனாலும் அந்த நிறுவனம் தோற்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் வருகைப் பதிவேடே அதற்கு எதிரான சாட்சி. ஆண்டு மதிப்பீட்டில் ‘எதிர்பார்ப்பை நிறைவு செய்கிறார்’ என்று எழுதிவிட்டு, அடுத்த மாதம் ‘வேலை சரியில்லை’ என்று அனுப்புவதும் அதே ரகம். மேலாளர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூசி மதிப்பீட்டைப் பூசி மெழுகுகிறார்கள். அந்தக் கூச்சத்தின் விலை பின்னால் தெரியும்.

கையேடு கொடுத்த வாக்கு

நிறுவனத்தின் பணிக் கொள்கைகள் வழக்கமாக ஊழியர் கையேடு என்ற வடிவில் வரும். விடுமுறை, உடை, கணினிப் பயன்பாடு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அதில் இருக்கும். ஒரு காலத்தில் இந்தக் கையேடுகள் அன்பாக எழுதப்பட்டன. நாம் ஒரே குடும்பம், நீங்கள் ஒழுங்காக வேலை செய்யும்வரை வேலை உங்களுடையது, தவறு செய்தாலும் முதலில் பேசுவோம், பிறகு எச்சரிப்போம் என்ற தொனி. சங்கம் நுழைந்துவிடாமல் தடுக்கும் நோக்கமும் அந்த அன்புக்குப் பின்னால் சில இடங்களில் இருந்தது.

நியூஜெர்சியில் ஹாஃப்மன்-லாரோச் என்ற மருந்து நிறுவனத்தில் வுல்லி என்ற பொறியாளர் 1969இல் சேர்ந்தார். தனிப்பட்ட ஒப்பந்தம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. சேர்ந்த பிறகு ஊழியர் கொள்கைக் கையேடு கையில் கொடுக்கப்பட்டது. எந்தெந்தக் காரணங்களுக்காக வேலை முடிவுக்கு வரும், அதற்கு என்ன நடைமுறை என்றெல்லாம் அதில் விரிவாக இருந்தது. அவருக்குப் பதவி உயர்வுகள் வந்தன. 1978இல் நிறுவனக் கட்டடம் ஒன்றின் குழாய் அமைப்பில் உள்ள கோளாறுகள் பற்றி அறிக்கை எழுதச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே, மேலிடத்துக்கு உங்கள்மேல் நம்பிக்கை போய்விட்டது, விலகிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் மறுத்தார். ஜூலையில் நீக்கப்பட்டார். 1985இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கையேட்டைக் கொடுத்து ஊழியர்களை ஒரு வாக்குறுதியை நம்ப வைத்துவிட்டு, வேண்டாதபோது அதிலிருந்து நழுவுவது நியாயமல்ல. அது வாக்குறுதி இல்லை என்றால், அதைத் தெளிவாகவும் கண்ணில் படும்படியும் கையேட்டிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மிச்சிகனில் 1980இலும் மினசோட்டாவில் 1983இலும் இதே திசையில் தீர்ப்புகள் வந்திருந்தன. மிச்சிகன் வழக்கில், வேலைக்கு எடுக்கும்போது வாய்மொழியாகச் சொன்ன உறுதிமொழியும் கணக்கில் கொள்ளப்பட்டது.

இதன் விளைவு என்னவென்றால், நிறுவனங்கள் நியாயமாக நடக்கக் கற்றுக்கொண்டதைவிட வேகமாக நியூஜெர்சி மன்றம் காட்டிய கதவு வழியே வெளியேறக் கற்றுக்கொண்டன. இன்றைய கையேட்டின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கும்: இது ஒப்பந்தம் அல்ல; இதில் உள்ள எதையும் நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; உங்கள் வேலை அட்-வில் வேலை. கடைசிப் பக்கத்தில் அதைப் படித்துப் புரிந்துகொண்டதாக நீங்கள் கையெழுத்திட வேண்டும். ‘நிரந்தர ஊழியர்’ என்ற சொல் போய் ‘வழக்கமான ஊழியர்’ வந்தது. ‘தக்க காரணம் இருந்தால் மட்டும்’ என்பது காணாமல் போயிற்று. வாய்மொழி எச்சரிக்கை, எழுத்து எச்சரிக்கை, தற்காலிக நீக்கம், பணிநீக்கம் என்ற படிகள் இருந்தால், சூழ்நிலையைப் பொறுத்து எந்தப் படியையும் தாண்டலாம் என்று ஒரு வரி கூடவே வரும். நூறு பக்கம் எழுதி, எதையும் உறுதி சொல்லவில்லை என்று முடிக்கும் இந்தக் கலை வழக்கறிஞர்களுக்கே உரியது.

இதைப் படித்துவிட்டுக் கையேட்டைத் தூக்கி மூலையில் போட வேண்டாம். ‘இது ஒப்பந்தம் அல்ல’ என்ற துறப்பு வாசகம் ஒப்பந்த வழக்கைத்தான் தடுக்கும், பாகுபாட்டு வழக்கைத் தடுக்காது. தன் விதியைத் தானே ஓர் ஆளுக்கு மட்டும் மீறிய நிறுவனம், மேலே சொன்ன ‘சாக்கு’ வாதத்தில் சிக்கிக்கொள்ளும். கையேட்டை நீங்கள் படித்து வைத்திருப்பதன் பயன் அங்கேதான்.

கொள்கை வேலை செய்வது எப்போது

1998இல் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஃபராகர் வழக்கை இதற்குச் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவின் போகா ரட்டன் நகராட்சிக் கடற்கரையில், கல்லூரியில் படித்துக்கொண்டே உயிர்காப்பாளராக வேலை பார்த்தவர் பெத் ஆன் ஃபராகர். மேற்பார்வையாளர்கள் இருவரின் பாலியல் தொல்லையை அவரும் மற்றப் பெண்களும் சகித்துக்கொண்டிருந்தார்கள். நகராட்சியிடம் பாலியல் தொல்லைக்கு எதிரான கொள்கை இல்லாமல் இல்லை, 1986இலேயே எழுதி வைத்திருந்தது. ஆனால் கடற்கரையில் வேலை பார்த்தவர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. தொல்லை தரும் மேற்பார்வையாளரைத் தாண்டி வேறொருவரிடம் புகார் செய்ய வழியும் அதில் உறுதி செய்யப்படவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. நகராட்சியே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று.

அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்போடு சேர்த்து மன்றம் ஒரு தற்காப்பையும் அளித்தது. மேற்பார்வையாளரின் தொல்லை பணிநீக்கம், பதவி இறக்கம் போன்ற நடவடிக்கையில் போய் முடியாத வழக்குகளுக்கு அது பொருந்தும். தொல்லையைத் தடுக்கவும் திருத்தவும் நிறுவனம் நியாயமான அக்கறை எடுத்திருந்து, ஊழியர் அந்த வழிகளைக் காரணமின்றிப் பயன்படுத்தாமல் இருந்தால் நிறுவனம் தப்பிக்கலாம். இதில் ஊழியர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ‘சொல்லி என்ன ஆகப்போகிறது’ என்று வாயை மூடிக்கொண்டிருந்தால், பின்னால் அந்த மௌனமே உங்களுக்கு எதிராகத் திரும்பும். புகாரை மின்னஞ்சலில் கொடுங்கள். தேதி இருக்கும்.

அந்தக் கடற்கரையை மனத்தில் வைத்துப் பார்த்தால், பயன் தரும் கொள்கை எது என்பது எளிதாகப் புரியும். கடைநிலை ஊழியருக்கும் அவருக்குப் புரியும் மொழியில் போய்ச் சேர வேண்டும். புகார் சொல்ல ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள் வேண்டும். புகார் செய்தவருக்குத் தீங்கு வராது என்று எழுதியிருக்க வேண்டும், வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேலாளர்கள் அதைப் படித்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து பெரும்பாலான வழக்குகளின் வித்து மோசமான கொள்கையில் இல்லை. நல்ல கொள்கையைப் படிக்காத மேலாளரிடம் இருக்கிறது.

கையேட்டில் எழுத முடியாத விஷயங்களும் உண்டு. ‘உங்கள் சம்பளத்தைச் சக ஊழியரிடம் சொல்லக் கூடாது’ என்ற விதியை இன்றும் பல மேலாளர்கள் வாயால் சொல்கிறார்கள். 1935இன் சட்டத்தின் பாதுகாப்பில் வரும் ஊழியர்களுக்கு, மேற்பார்வைப் பொறுப்பில் இல்லாத பெரும்பாலான தனியார் ஊழியர்கள் இதில் அடங்குவர், அந்தத் தடை செல்லாது. சங்கமே இல்லாத அலுவலகத்துக்கும் இது பொருந்தும்.

வேலை போகும் நாளில்

இரண்டு வார நோட்டீஸ் என்பது அமெரிக்காவில் மரியாதை, சட்டமல்ல. ஆட்குறைப்புக்கு முன் 60 நாள் அறிவிப்பு என்ற 1988இன் கூட்டாட்சிச் சட்டம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம் பெருமளவில் ஆட்களைக் குறைத்தாலோ ஆலையை மூடினாலோ மட்டும்தான் பொருந்தும். தனி ஆளை அனுப்புவதற்கு அல்ல. கடைசிச் சம்பளம் எப்போது தர வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் நீக்கும் அன்றே கொடுத்துவிட வேண்டும், தாமதித்தால் அபராதம் ஏறும்.

செவரன்ஸ் எனப்படும் பிரிவுத் தொகையைக் கொடுக்கும்படி பொதுவான சட்டம் எதுவும் இல்லை. கொடுக்கும் நிறுவனம் பதிலுக்கு ஒன்று கேட்கும்: வழக்குப் போட மாட்டேன் என்று கையெழுத்து. அந்த இடத்திலேயே போட்டுவிடாதீர்கள். 40 வயதைத் தாண்டியவர் வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், யோசிக்க 21 நாளும், கையெழுத்திட்ட பிறகு மனம் மாற 7 நாளும் சட்டமே தருகிறது. கூட்டமாக ஆட்குறைப்புச் செய்தால் 21 நாள் 45 நாளாகும். பாகுபாடு நடந்ததாகக் கருதுபவர் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாளுக்குள், பல மாநிலங்களில் 300 நாளுக்குள், புகார் பதிய வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் எவ்வளவு நல்ல வழக்கும் பெரும்பாலும் கைநழுவிவிடும். மருத்துவக் காப்பீட்டை 18 மாதம்வரை தொடரலாம், 20 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனமாக இருந்தால். ஆனால் நிறுவனம் கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும் நீங்களே கட்ட வேண்டும். அந்தத் தொகையைப் பார்த்துப் பலர் மலைத்துப்போகிறார்கள்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு அட்-வில் முறை இரண்டு மடங்கு கனம். வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம், விசாக் காலம் அதற்கு முன் முடிந்தால் அதுவரைதான். அதற்குள் வேறு நிறுவனம் மனுச் செய்ய வேண்டும், அல்லது வேறு விசா நிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது முக்கியம். பொதுவாகச் சம்பளம் கணக்கிடப்பட்ட கடைசி நாளே தொடக்கம். ஆகவே செவரன்ஸை மொத்தமாகத் தருவதைவிட, இன்னும் சில வாரம் சம்பளப் பட்டியலில் வைத்திருக்கச் சொல்லிக் கேட்பது பலருக்குப் பயன் தரும். மறுப்பார்கள், ஆனாலும் கேட்கலாம்.

விசாக் காலம் முடியுமுன் நிறுவனம் நீக்கினால், ஊழியர் தாய்நாடு திரும்பும் நியாயமான பயணச் செலவை அந்த நிறுவனம் ஏற்க வேண்டும். குடும்பத்தாரின் டிக்கெட் இதில் சேராது. தாமாக விலகியவருக்கு இது கிடையாது. அப்படி விலகியவருக்கு மாநில வேலையின்மைப் படியும் பொதுவாக மறுக்கப்படும். கடைசிக் கூட்டத்தில் மேலாளர் குரலைத் தாழ்த்தி, ‘நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், உங்கள் பெயருக்கு அதுதான் நல்லது’ என்று சொன்னால், பதில் சொல்லுமுன் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். அந்த ஒரு நாளில் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து பேசிவிடலாம்.